எஸ்பேரொ, எஸ்பெரே: ஸ்பானிஷ் ஒழுங்கு வினைகளைப் பிடிக்கும் வழி

திருவொற்றியூரில் 1955-இல் வேர்விட்ட ராயல் என்ஃபீல்டு, 2020 முதல் ஆர்ஜென்டினாவின் காம்பானாவில் வண்டி பூட்டுகிறது. பிறகு கொலம்பியாவிலும் அந்த வேலை தொடங்கியது. 2001-இல் நிலக்கரிக்காகத் திறந்த எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராஜர் துறைமுகம் என்ற பெயரில் கார்களையும் அனுப்புகிறது. சென்னையைச் சுற்றி உருவாகும் கார்கள் மெக்சிகோ, சிலி வரை கப்பலேறிப் போகின்றன. ராயபுரத்திலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் கயாவோ, குவாயாகில், வெராக்ரூஸ், அல்ஹெசீராஸ் என்று ஸ்பானிஷ் பேசும் துறைமுகங்களில் கால் வைக்கிறார்கள்.

கப்பல் ஓட்டும் தளத்தில் ஆங்கிலம் போதும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-இல் வகுத்த வரையறுத்த ஆங்கிலத் தொடர்கள் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் கேங்வேயை விட்டு இறங்கியதும் கயிறு கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், கேட்டில் பாஸ் பார்க்கிறவர், சாப்பாட்டுக் கடைக்காரம்மா எல்லாரும் பேசுவது ஸ்பானிஷ். பெயர்ச்சொற்களைக் கையால் காட்டிச் சமாளிக்கலாம். ‘கப்பல் வந்துவிட்டதா, வருகிறதா, வரப்போகிறதா’ என்பதைக் கையால் காட்ட முடியாது. அதற்கு வினைச்சொல் வேண்டும்.

இந்த அத்தியாயம் ஒழுங்கு வினைகளுக்கு, அதாவது ஒரே வாய்பாட்டின்படி மாறும் வினைகளுக்கு மட்டும். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் ஸ்பானிஷ் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆங்கில வினையைத் தனியாக நிறுத்தினால் யார் செய்தார் என்று அநேகமாகத் தெரியாது. அதனால் அந்த நூல்கள் ஒவ்வொரு விகுதியையும் பெரும் சுமையாகக் காட்டிப் பயமுறுத்துகின்றன. ‘வந்தேன்’ என்றாலே நான், ‘வந்தோம்’ என்றாலே நாங்கள் என்று பிறந்ததிலிருந்து பேசிவரும் உங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

முதலில் எழுத்து

ஸ்பானிஷ் வினையில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதுதான் உயிர். அழுத்தம் இடம் மாறினால் ஆளும் காலமும் மாறிவிடும். ஆங்கில எழுத்தில் குறிப்பெடுக்கிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். நமக்குக் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்தாகவே இருக்கின்றன. ஆகவே இந்த நூல் முழுவதும் அழுத்தம் விழும் அசையை நெடிலாலும், மற்றவற்றைக் குறிலாலும் எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷில் உண்மையான நெடில் கிடையாது. அழுத்தும்போது ஒலி சற்றே நீளும், அவ்வளவுதான். நெடிலைக் கண்ட இடத்தில் கொஞ்சம் தட்டிச் சொல்லுங்கள், நீட்டி இழுக்க வேண்டாம்.

எஸ்பெரார் என்றால் காத்திருப்பது. எதிர்பார்ப்பதற்கும் அதே சொல்தான். துறைமுகத்தில் எல்லாரும் அதிகம் செய்கிற வேலை அது என்பதால் அதையே மாதிரி வினையாக எடுத்துக்கொண்டேன். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் ட்ரெய்லர் ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்:

எஸ்பேரொ – காத்திருக்கிறேன்
எஸ்பெரோ – அவர் காத்திருந்தார்
எஸ்பேரெ – காத்திருங்கள்
எஸ்பெரே – காத்திருந்தேன்

குறிலும் நெடிலும் இடம் மாறியதில் ஒரு கட்டளை ஒரு தகவலாகிவிட்டது. கேட் காவலர் ‘எஸ்பேரெ’ என்றால் நீங்கள் நிற்க வேண்டும். நீங்கள் அவரிடம் ‘எஸ்பெரே’ என்றால் நீங்கள் ஏற்கெனவே நின்று முடித்தவர்.

மெய்யொலிகளிலும் தமிழ்க் காதுக்கு ஒரு வசதி உண்டு. உயிர்களுக்கு நடுவே வரும் ஸ்பானிஷ் g, d, b ஒலிகள் நம் ‘பகல்’, ‘காது’, ‘கோபம்’ ஆகியவற்றின் க, த, ப போலவே மெலிந்து வரும். எனவே சுபீர் என்று எழுதியிருந்தால் ‘கோபம்’ என்பதில் வரும் ப. யெகார் என்றால் ‘பகல்’ என்பதில் வரும் க. நடுவில் வல்லொலி வேண்டிய இடத்தில் ‘அக்கீ’ என்று இரட்டித்திருக்கிறேன். சொல்லின் முதலில் வரும் ப, த, க எந்த ஒலி என்பதை மட்டும் ஒலிப்பதிவைக் கேட்டே பழக வேண்டும். உதாரணமாக, பார்க்கொ என்ற கப்பலில் வருவது ‘பஸ்’ஸின் ப. ஞ நம் ஞ-வேதான்: மஞான என்றால் நாளை.

பகுபதம் பிரிப்போம்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிய நினைவிருக்கும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் ஆறு உறுப்புகளைச் சொல்கிறது. அந்தக் கத்தியை அப்படியே எடுத்து ஸ்பானிஷ் வினையின் மேல் வையுங்கள். எஸ்பெராபமொஸ் என்ற சொல்லைப் பாருங்கள்; ‘நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம்’ என்று பொருள். எஸ்பெர் பகுதி. அடுத்து வரும் ஆ அந்த வினையின் குழுவைக் காட்டும் உயிர். சாரியை போல இடையில் நிற்கிறது. ப என்பது கால இடைநிலை. மொஸ் விகுதி, நம் ‘ஓம்’. பகுதி, இடைநிலை, விகுதி மூன்றும் தமிழில் எந்த வரிசையில் வருமோ அதே வரிசை.

பதினாறாம் நூற்றாண்டில் இதற்கு எதிர்த்திசையில் ஒருவர் போனார். முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், 1549-ஐ ஒட்டி, போர்த்துகீசியப் பாதிரிமார் தமிழ் கற்பதற்காக ஓர் இலக்கணம் எழுதினார். தமிழ் வினைகளை லத்தீன் வாய்பாட்டு முறையில் அடுக்கிக் காட்டினார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த சட்டகத்தைக் கொண்டு நம் மொழிக்குள் நுழைந்தார்கள். நாம் நம்முடையதைக் கொண்டு அவர்கள் பக்கத்து மொழிக்குள் நுழைவதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஸ்பானிஷ் வினைகள் மூன்றே குழு. அகராதியில் ஆர், ஏர், ஈர் என்று முடியும்: எஸ்பெரார் (காத்திரு), கொமேர் (சாப்பிடு), சுபீர் (ஏறு). இந்த மூன்றும் வாயில் ஏறிவிட்டால் ஆயிரக்கணக்கான வினைகள் அதே பாதையில் வரும்.

விகுதிகள் குறைவு. நீ என்பதற்கு ஸ், நாம் என்பதற்கு மொஸ், அவர்கள் என்பதற்கு ன். அவன், அவள், அது, அவர் என்று பிரிக்க வேண்டாம். நான்குக்கும் ஒரே வடிவம், விகுதியே இல்லாமல் வெறுமையாக நிற்கும். நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கிடையாது. தமிழ் பேசுகிறவருக்கு இங்கே சுமை குறைகிறது, கூடவில்லை. நான், நீ என்று பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘சாப்பிட்டேன்’ போல வினை மட்டும் போதும்.

மரியாதை விஷயத்தில் மட்டும் கவனம். முன்னால் நிற்பவரை ‘உஸ்தேத்’ (நீங்கள்) என்று அழைத்தால் வினை ‘அவர்’ வடிவில் வரும். பலரை ‘உஸ்தேதெஸ்’ என்றால் ‘அவர்கள்’ வடிவம். வேலை செய்யும் இடத்தில் முன்பின் தெரியாதவரிடம் உஸ்தேத்தே பாதுகாப்பு. ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு இன்னொரு வடிவம் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது அன்றாடப் பேச்சில் இல்லை. அல்ஹெசீராஸுக்கோ வலென்சியாவுக்கோ போகிறவர் பிறகு கற்றுக்கொள்ளட்டும். இந்த நூல் அதை விட்டுவிடுகிறது.

நிகழ்காலம்

நான், நீ, அவர், நாம், அவர்கள் என்ற வரிசையில்:

எஸ்பேரொ, எஸ்பேரஸ், எஸ்பேர, எஸ்பெராமொஸ், எஸ்பேரன்
கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென்
சூபொ, சூபெஸ், சூபெ, சுபீமொஸ், சூபென்

நெடில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நான்கு வடிவங்களில் பகுதியின் மேல் நிற்கிறது. ‘நாம்’ வடிவில் மட்டும் பின்னால் நகர்கிறது. ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லும்போது நான்காவதில் தாளம் தள்ளிப்போவதைக் காது பிடித்துக்கொண்டால் போதும். ஏர், ஈர் குழுக்கள் ‘நாம்’ வடிவத்தில் மட்டுமே பிரிகின்றன.

ஆர்ஜென்டினா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்பார்கள். வினை எஸ்பெராஸ், கொமேஸ், சுபீஸ் என்று முடிவில் அழுத்தம் பெறும். காம்பானாவில் உங்களோடு வேலை செய்கிறவர் பேசுவது தப்பான ஸ்பானிஷ் அல்ல, அந்த ஊர் ஸ்பானிஷ்.

இரண்டு இறந்தகாலங்கள்

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். நிதானமாகப் போவோம்.

முடிந்த செயல்:

எஸ்பெரே, எஸ்பெராஸ்தெ, எஸ்பெரோ, எஸ்பெராமொஸ், எஸ்பெராரொன்
கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன்
சுபீ, சுபீஸ்தெ, சுபியோ, சுபீமொஸ், சுபியேரொன்

நடந்துகொண்டிருந்த செயல்:

எஸ்பெராப, எஸ்பெராபஸ், எஸ்பெராப, எஸ்பெராபமொஸ், எஸ்பெராபன்
கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயன்
சுபீய, சுபீயஸ், சுபீய, சுபீயமொஸ், சுபீயன்

‘நீ’ என்பதற்கான ஸ் முடிந்த இறந்தகாலத்தில் மட்டும் காணாமல் போகிறது. எஸ்பெராமொஸ், சுபீமொஸ் இரண்டும் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒன்றேதான். அயேர் (நேற்று), ஓய் (இன்று) போன்ற சொற்களே வழிகாட்டும்.

எப்போது எது? வடசென்னையில் வளர்ந்தவருக்கு இதற்கான அளவுகோல் வாயிலேயே இருக்கிறது. ‘சாப்ட்டுட்டேன்’ என்று சொல்லத் தோன்றினால் கொமீ. ‘சாப்ட்டுகினு இருந்தேன்’ என்று சொல்லத் தோன்றினால் கொமீய. ‘-ட்டேன்’ முடிந்தது, ‘-கினு இருந்தேன்’ ஓடிக்கொண்டிருந்தது. இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவதில் பெரும்பகுதியை இந்த ‘கினு’ தாங்கிக்கொள்ளும். வகுப்பில் கொச்சை என்று ஒதுக்கப்படும் பேச்சு இங்கே துல்லியமான கருவியாகிறது; வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

ஊர்க் கதையிலேயே பழகலாம். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் அலைக்கு அப்பால் தள்ளி நங்கூரமிட்டுக் கிடக்கும்; மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். இது பல ஆண்டுகள் நடந்துகொண்டிருந்த நிலை. ஆகவே: லொஸ் பார்க்கொஸ் எஸ்பெராபன் (கப்பல்கள் காத்துக்கொண்டிருந்தன). 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து குண்டு வீசியது; துறைமுகத்தருகே பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அது ஒருநாள் நடந்து முடிந்தது: எல் எம்டன் யெகோ (எம்டன் வந்துசேர்ந்தது). 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்டதும் அப்படியே: எல் த்ரேன் பர்த்தியோ. பின்னணி ஒரு காலத்தில், சம்பவம் மற்றொரு காலத்தில். கதை சொல்லும்போது இரண்டும் மாறி மாறி வரும்.

மூன்று இடங்களில் தமிழ் நம்மை வழுக்கிவிடும்.

‘அப்பல்லாம் காசிமேட்டுக்கு நடந்தே போவோம்’ என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் பழைய வழக்கம். இதை ஸ்பானிஷ் எதிர்காலத்தில் போட்டால் இனிமேல் போவதாக ஆகிவிடும். பழைய வழக்கத்துக்கு எப்போதும் ‘நடந்துகொண்டிருந்த’ காலம்: கொமீயமொஸ் அக்கீ, அப்போதெல்லாம் இங்கேதான் சாப்பிடுவோம்.

அடுத்தது ‘மூணு மணி நேரம் காத்துகினு இருந்தேன்’. ‘கினு’ வந்துவிட்டதே என்று எஸ்பெராப போடக் கூடாது. இத்தனை மணி நேரம் என்று கணக்கு முடித்துச் சொன்னால் ஸ்பானிஷ் அதை முடிந்த செயலாகவே பார்க்கும்: எஸ்பெரே த்ரேஸ் ஓரஸ். ‘கினு’ அளவுகோல் கைவிடும் முக்கியமான இடம் இது.

மூன்றாவது எதிர்மறை. ‘வரல’ என்ற ஒரே சொல்லை நானுக்கும் அவனுக்கும், நேற்றைக்கும் இப்போதைக்கும் பயன்படுத்துகிறோம். ஸ்பானிஷில் முன்னால் ‘நோ’ சேர்த்துவிட்டு வினையை முழுதாகத் திருப்பியே ஆக வேண்டும். நோ யேகொ, நான் இப்போது வரவில்லை. நோ யெகோ, அவர் நேற்று வரவில்லை. தமிழ் பேசுகிறவர் எதிர்மறையில் ஆளையும் காலத்தையும் விட்டுவிடுவது மிகச் சாதாரணம்; ஆகவே ஒவ்வொரு வினையையும் ‘நோ’ சேர்த்தும் பழகுங்கள்.

வரப்போவது

‘பார்க்கப் போகிறேன்’, ‘ஏறப் போகிறார்’ என்று போ என்னும் வினையைத் துணைக்கு அழைக்கிறோம். ஸ்பானிஷும் அதையே செய்கிறது. போவதற்கான வினை ஒழுங்கற்றதுதான், ஆனால் இந்த ஐந்து வடிவங்களை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள்: வோய், வாஸ், வா, வாமொஸ், வான். இங்கே வ என்பது உதடு சேர்ந்து ப-வின் பக்கம் சாயும். பின்னால் ‘அ’ சேர்த்து அகராதி வடிவத்தை வையுங்கள்: வோய் அ எஸ்பெரார், காத்திருக்கப் போகிறேன். வா அ சுபீர், ஏறப் போகிறார். அன்றாடத் தேவைக்கு இது போதும்.

தனி எதிர்காலமும் எளிதே. அகராதி வடிவத்தை வெட்டாமல் முழுதாக வைத்து ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஆன் சேர்க்க வேண்டும். மூன்று குழுவுக்கும் ஒன்றே. எஸ்பெரரே, கொமெரே, சுபிரே. ‘செய்வேனாக இருக்கும்’ என்ற நிபந்தனை வடிவத்துக்கு அதே இடத்தில் ஈய: எஸ்பெரரீய. அறிவிப்புகளிலும் எழுத்திலும் எதிர்ப்படும்போது அடையாளம் தெரிந்தால் சரி.

‘வந்திருக்கிறது’ என்ற வகை ஸ்பானிஷிலும் உண்டு: அ யெகாதொ. எச்சம் ஆதொ அல்லது ஈதொ என்று முடியும். த ‘காது’ என்பதில் வரும் த. ஸ்பெயினில் நிறையக் கேட்பீர்கள். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் வெறும் யெகோவே அந்த வேலையையும் செய்துவிடுகிறது. முதல் பயணத்துக்கு அவசரமில்லை.

கட்டளை

உஸ்தேத் என்று மதித்துச் சொல்லும் கட்டளையில் குழு உயிர் இடம் மாறும். ஆர் குழுவுக்கு எ, மற்ற இரண்டுக்கும் அ. எஸ்பேரெ, காத்திருங்கள். கோம, சாப்பிடுங்கள். சூப, ஏறுங்கள். ஃபீர்மெ அக்கீ, இங்கே கையெழுத்திடுங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சொற்கள் இந்த வடிவில் வரக்கூடும் என்பதால், பேசத் தெரிவதற்கு முன்பே இவற்றைக் கேட்டதும் உடல் நிற்கும் அளவுக்குப் பழக வேண்டும்.

கப்பல் அலுவலக வாசலில் நடக்கக்கூடிய ஒரு சிறு பேச்சு. எழுத்தர் கேட்கிறார், நம் போசன் பதில் சொல்கிறார்.

– ஃபிர்மோ உஸ்தேத்? (நீங்க கையெழுத்து போட்டீங்களா?)
– சீ, ஃபிர்மே அயேர். (ஆமாங்க, நேத்து போட்டேன்.)
– இ எல் கப்பித்தான்? (கேப்டன்?)
– நோ ஃபிர்மோ. வா அ ஃபிர்மார் ஓய். (அவர் போடல. இன்னிக்குப் போடப் போறார்.)
– எஸ்பேரெ அக்கீ. (இங்கேயே இருங்க.)

கேள்விக்குத் தனி உருபு இல்லை. குரலை உயர்த்தினால் போதும். கவனித்தால், பேச்சு முழுவதும் ‘நான்’, ‘அவர்/நீங்கள்’ என்ற இரண்டு வடிவங்களில் ஓடிவிட்டது. முழு அட்டவணையையும் முதல் நாளே உருப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் எஸ்பேரொ, எஸ்பேர, எஸ்பெரே, எஸ்பெரோ என்ற நான்கு, அடுத்து வோய் அ, வா அ, அதன்பின் எஸ்பெராப. ‘நாம்’, ‘அவர்கள்’ பிறகு தாமே வந்து சேரும். உட்கார்ந்து எழுதிப் படிப்பதைவிட ஷிப்ட் முடிந்து நடந்து போகும்போது அன்று செய்ததை வாய்விட்டுச் சொல்வது மேல்: ஏறினேன், சாப்பிட்டேன், காத்துகினு இருந்தேன்.

பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

நான் தினமும் இங்கே காத்திருக்கிறேன்.
கப்பல் நேற்று வரல.
அவர் ஏறிகினு இருந்தார்.
ரெண்டு மணி நேரம் காத்துகினு இருந்தேன்.
அவர் நாளைக்கு ஏறப் போறார்.

விடைகள்: எஸ்பேரொ அக்கீ தோதொஸ் லொஸ் தீயஸ். எல் பார்க்கொ நோ யெகோ அயேர். சுபீய. எஸ்பெரே தோஸ் ஓரஸ். வா அ சுபீர் மஞான.

நான்காவதில் எஸ்பெராப என்று வந்திருந்தால், மணிக்கணக்கு பற்றிய பத்தியை மறுபடி படித்துவிட்டு ஒழுங்கற்ற வினைகளுக்குப் போங்கள்.